கேனில் இருக்கும் படம் யூடியூபுக்கு வரும்வரை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி பக்கம் 9 நிமிடக் குறும்படம் ஒன்றை 16 எம்எம் பிலிமில் எடுத்திருக்கிறீர்கள். வாடகைக்கு வாங்கிய ஆரி எஸ்ஆர் 2 கேமரா, கோடக் விஷன்3 நெகட்டிவில் டேலைட் (பகல் வெளிச்சத்துக்கானது) 250 இரண்டு ரோல், டங்ஸ்டன் (பல்பு வெளிச்சத்துக்கானது) 500 இரண்டு ரோல், ஒவ்வொன்றும் 400 அடி. நான்கும் எக்ஸ்போஸ் ஆகி, டேப் ஒட்டிய கேன்களில், வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கின்றன. சவுண்ட் தனியாக ரெக்கார்டரில் இருக்கிறது. இனி லேப், ஸ்கேன், எடிட், கலர், அப்லோட். எங்கே காசைப் போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று கேட்கிறீர்கள். கூடவே, நண்பர் ஒருவர் சூப்பர் 8-இல் எடுத்ததை யூடியூபில் போட்டபோது கிரெய்ன் (பிலிமுக்கே உரிய துகள் புள்ளிகள்) எல்லாம் சேறாகத் தெரிந்ததே, அது பிலிமின் கோளாறா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பிலிமின் கோளாறு இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அது கடைசியில் வரவேண்டிய கவலைதான். பிலிமில் எடுத்த குறும்படங்கள் பாதியில் நின்றுபோவதைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். எல்லாரும் காசில்லை என்பார்கள். கிட்டப்போய் விசாரித்தால், செய்யவேண்டிய வேலைகளின் வரிசை எங்கோ மாறியிருக்கும், அதைத் திருத்தப்போய்த்தான் காசு தீர்ந்திருக்கும். அதனால் வரிசையாகவே போகலாம்.

முதல் வேலை ஃபிரிட்ஜிலிருந்து லேபுக்கு. ஒரு காலத்தில் சாலிகிராமம், வடபழனி வட்டாரத்திலேயே பிரசாத், விஜயா, ஏவிஎம் என்று லேப்கள் இருந்தன. பகலில் எடுத்ததை இரவில் கழுவி, மறுநாள் ரஷ் போட்டுப் பார்த்துவிட்டு ஷூட்டிங் கிளம்பிய காலம் அது. இப்போது பிலிம் கழுவும் இடத்தைத் தேடிப்போக வேண்டும். 35 எம்எம் கழுவுகிற எல்லாரும் 16-ஐத் தொடுவதில்லை என்பதால் முன்கூட்டியே ஃபோனில் பேசிவிடுங்கள். என்றைக்கு அடுத்த பேட்ச் ஓடும் என்றும் கேளுங்கள். வேலை குறைவான இடத்தில் ரசாயனத்தைத் தினமும் ஓட்டமாட்டார்கள், போதுமான அடி சேர்ந்ததும்தான் மெஷினைக் கிளப்புவார்கள்.

கொண்டுபோகும் வழியில்தான் ஆபத்து. கழுவாத பிலிமுக்கு எக்ஸ்-ரே எதிரி, 500 வேகப் பிலிமுக்கு இன்னும் அதிகம். விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் போடவே கூடாது. கையில் எடுத்துச் சென்றாலும், புதிதாக வந்திருக்கும் சிடி ஸ்கேனருக்குள் போனால் பிலிமில் மூட்டம் ஏறிவிடும். கையால் சோதிக்கும்படி கேட்கவேண்டும், கேனைத் திறக்கவும் விடக்கூடாது. ரயிலில் போனால் பிரச்சினையில்லை என்று நினைப்பீர்கள். பெரிய ஸ்டேஷன்களில் பையை ஸ்கேனரில் வைக்கச் சொல்கிறார்கள், சென்னை மெட்ரோவில் ஏறினாலும் அதே கதைதான். ஆட்டோ, பஸ், சொந்த வண்டி என்று போவது உத்தமம். இன்னொன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேனை உடனே திறக்கக் கொடுக்காதீர்கள். சில மணி நேரம் வெளியே இருந்து அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் பிலிம்மேல் வேர்த்துவிடும்.

நான்கு ரோலையும் ஒரே நாளில் கொடுக்கவேண்டாம். முக்கியத்துவம் குறைந்த ஒரு ரோலை முதலில் கொடுத்து, கழுவி வந்ததை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு மற்ற மூன்றையும் கொடுங்கள். கூடவே கேமரா ரிப்போர்ட்டின் நகல் ஒன்று. எந்த ரோல், என்ன ஸ்டாக், நார்மலா புஷ்ஷா (வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவுவதா) என்று கேன் மேலேயும் எழுதியிருக்கவேண்டும்.

இனி ஸ்கேன். உங்கள் பட்ஜெட்டில் தாராள மனசோடு செலவு செய்யவேண்டிய இடம் இது ஒன்றுதான். எடிட்டை வீட்டில் செய்யலாம், கலரை இலவச மென்பொருளில் செய்யலாம், ஸ்கேனை மட்டும் வீட்டில் சமாளிக்க முடியாது. மோசமான ஸ்கேனை எந்தக் கலரிஸ்ட்டாலும் காப்பாற்ற முடியாது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 16 எம்எம்மில் அடிக்கு 40 ஃபிரேம். 400 அடியில் 16,000 ஃபிரேம், 24 ஃபிரேம் வேகத்தில் 11 நிமிடம் 6 விநாடி. நான்கு ரோலுக்கு 64,000 ஃபிரேம், ஏறத்தாழ 44 நிமிடம். 9 நிமிடப் படத்துக்கு ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் எடுத்திருக்கிறீர்கள், சிக்கனமான ஆள்தான். இதை 2கே அளவில் 10 பிட் டிபிஎக்ஸ் ஃபைல்களாக, அதாவது ஃபிரேமுக்கு ஒரு தனிப் படமாக வாங்கினால் ஒரு ஃபிரேம் சுமார் 13 எம்பி, மொத்தம் 800 ஜிபியைத் தாண்டும். 4கே என்றால் அதைப்போல் நான்கு மடங்கு, 3 டிபிக்கு மேல். அதையே புரோரெஸ் 4444 என்ற, ஓரளவு சுருக்கிய 2கே வீடியோ ஃபைலாக வாங்கினால் 150 ஜிபிக்குள் முடிந்துவிடும்.

டிபிஎக்ஸ்தான் சுத்தம் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். லாக் ஸ்கேனாக (கான்ட்ராஸ்ட் ஏற்றாமல், வெளிச்ச விவரம் எல்லாம் அடங்கிய வெளிறிய ஸ்கேன்), 4444 ஆக வந்த 16 எம்எம் ஃபைலையும் டிபிஎக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிரேடிங் முடித்து, பெரிய திரையில் பார்த்திருக்கிறேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 2கே-வா 4கே-வா என்றால் வேறு பதில். 16 எம்எம் ஃபிரேமின் அகலமே 10 மில்லிமீட்டர் சொச்சம்தான், அதில் இருக்கும் காட்சி விவரத்தைப் பிடிக்க 2கே கிட்டத்தட்டப் போதும். கிரெய்னைப் பிடிக்கத்தான் 4கே உதவும். கிரெய்ன் துகள் ஸ்கேனரின் பிக்ஸலைவிடச் சிறியதாக இருந்தால் அது வேறு உருவமாக, மொத்தையாகப் பதிவாகும். விலை வித்தியாசம் தாங்குகிற அளவில் இருந்தால் 4கே-வே வாங்குங்கள், யூடியூப் சமாசாரத்திலும் அது கைகொடுக்கும். தாங்காவிட்டால் 2கே, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்கேன் செய்யும் இடத்தில் வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதியே கொடுங்கள். லாக் ஆக, ஃபிளாட்டாக வேண்டும். கான்ட்ராஸ்ட் ஏற்றிய ‘அழகான’ ஸ்கேன் வேண்டாம். ஓவர்ஸ்கேன் வேண்டும், அதாவது ஃபிரேமுக்கு வெளியே பெர்ஃபரேஷன் ஓட்டையும் ஓரமும் தெரியவேண்டும். ஷார்ப்பனிங், கிரெய்ன் ரிடக்‌ஷன் இரண்டும் அணைத்திருக்க வேண்டும். ஃபைல் 24 ஃபிரேம் என்று இருக்கவேண்டும், 23.976 வேண்டாம். ரோல் தலையில் ஒரு பஞ்ச் ஓட்டை போட்டு, அந்த ஃபிரேமை டைம்கோடின் தொடக்கமாக வைக்கச் சொல்லுங்கள். பிற்பாடு ஏதாவது ஷாட்டை மறுபடி ஸ்கேன் செய்ய நேர்ந்தால் அதே நம்பர் வரும்.

கிரெய்ன் ரிடக்‌ஷன் விஷயத்தில் நான் சூடு கண்டவன். ஒரு தடவை வந்த ஸ்கேனில் முகமெல்லாம் மெழுகு பூசினமாதிரி இருந்தது. கேட்டால், “எல்லாருக்கும் அப்படித்தான் சார் பண்ணிக் கொடுக்கிறோம், யாரும் ஒண்ணும் சொல்றதில்லை” என்றார்கள். ஸ்கேனரில் அந்தப் பட்டன் எப்போதும் போட்டபடியே கிடந்திருக்கிறது. மறுபடி ஸ்கேன் செய்ய மறுபடி காசு, ஏனென்றால் நான் எழுதிக் கொடுக்கவில்லை.

ஸ்கேன் வந்ததும் எடிட்டில் உட்காரத் துடிப்பீர்கள். ஒரு நாள் பொறுங்கள். நான்கு ரோலையும் முழுசாக, நின்று நிதானித்துப் பாருங்கள். பார்க்கவேண்டியது நடிப்பை இல்லை, அழுக்கை. எங்கள் லேப் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்த எளிய சோதனை இது: படத்தில் புள்ளி வெள்ளையாகத் தெரிகிறதா, கறுப்பாகத் தெரிகிறதா?

நெகட்டிவ்மேல் தூசி உட்கார்ந்தால் ஸ்கேனர் வெளிச்சத்தை மறைக்கும். நெகட்டிவில் மறைந்த இடம் பாசிட்டிவில் வெள்ளை. ஆக வெள்ளைப் புள்ளி என்றால் ஷூட்டிங்குக்குப் பிறகு வந்த தூசி, அல்லது சரியாகக் கழுவப்படாமல் ஒட்டிக்கொண்ட ரெம்ஜெட் துகள். (ரெம்ஜெட் என்பது கோடக் நெகட்டிவின் முதுகில் நெடுங்காலம் பூசப்பட்டுவந்த கரிப்பூச்சு, கழுவும்போது உரித்தெடுக்கவேண்டியது. புதிய ரோல்களில் அது இல்லாமலும் இருக்கலாம்.) இந்த இரண்டுக்கும் மருந்து உண்டு, மறுபடி சுத்தம் செய்து மறுபடி ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் போய்விடும். கறுப்பாகத் தெரிந்தால் அது கேமராவுக்குள்ளேயே, எக்ஸ்போஸ் ஆகும்போதே வெளிச்சத்தை மறைத்த ஏதோ ஒன்று. கேமராவின் கேட்டில், அதாவது பிலிம்மேல் வெளிச்சம் விழும் சட்டத்தில், ஒட்டிக்கொண்டு ஃபிரேம் ஓரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் முடி அந்த ரகம். அது நெகட்டிவிலேயே பதிந்துவிட்டது, எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஃபிரேமைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டலாம், இல்லையென்றால் ஒவ்வொரு ஃபிரேமாக உட்கார்ந்து அழிக்கவேண்டும்.

இந்தப் பரிசோதனையை இப்போதே செய்யச் சொல்வதற்குக் காரணம், ஸ்கேன் செய்த இடத்தில் பிலிம் இன்னும் இருக்கும்போதே “வெள்ளைப் புள்ளி அதிகம், ஒருமுறை துடைத்துப் போட்டுக்கொடுங்கள்” என்று கேட்கலாம் என்பதுதான். மூன்று மாதம் கழித்து, எடிட் முடிந்து, கலர் முடிந்து கேட்டால் யார் செய்வார்கள்? கீறலும் அப்படியே. பேஸ் பக்கம் (பிலிமின் முதுகு) விழுந்த கீறலை வெட் கேட்டில், அதாவது பிலிமைத் திரவத்தில் நனைத்தபடி, ஸ்கேன் செய்தால் மறைத்துவிடலாம், எமல்ஷன் பக்கம் (படம் பதிந்திருக்கும் பூச்சு) விழுந்தது மறையாது. சில ஸ்கேனர்கள் இன்ஃப்ராரெட் கதிரால் தூசியைத் தனியாக அடையாளம் கண்டு அழிக்கும். கலர் நெகட்டிவுக்கு அது நன்றாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளித் துகளே அந்தக் கதிரையும் மறைத்துவிடுவதால் பலிக்காது. அடுத்த படத்துக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த ஷாட்டுகளில் படபடவென்று வெளிச்சம் துடிக்கிறதா என்றும் பாருங்கள். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 24 ஃபிரேமில் ஷட்டர் 172.8 டிகிரியில் இருந்தால் எக்ஸ்போஷர் சரியாக 1/50 விநாடி ஆகி, துடிப்பு வராது. 180-இலேயே எடுத்திருந்தால் பழைய சோக் வைத்த டியூப் லைட்டில் லேசாகத் தெரியலாம். டீஃபிளிக்கர் மென்பொருள் ஓரளவு அமுக்கும்.

சரி, எடிட். இங்கே ஒரே ஒரு எச்சரிக்கைதான், ஆனால் அதற்காகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எஸ்ஆர் 2 கிரிஸ்டல் மோட்டார் கேமரா, துல்லியமாக 24 ஃபிரேமில் ஓடும். உங்கள் சவுண்ட் 48 கிலோஹெர்ட்ஸில், நிஜ நேரத்தில் பதிவானது. எடிட் புராஜெக்டும் 24-இல் இருந்தால் கிளாப் அடித்த இடத்தைப் பொருத்தினதும் முடிந்தது வேலை. ஆனால் மென்பொருள் தானாக 23.976 என்று எடுத்துக்கொண்டால், ஆயிரம் ஃபிரேமுக்கு ஒரு ஃபிரேம் வீதம் சவுண்ட் முன்னால் ஓடும். இரண்டு நிமிட ஷாட்டில் கடைசிக்கு வரும்போது மூன்று ஃபிரேம் நழுவியிருக்கும், உதட்டுக்கு முன்னால் வசனம் வந்து நிற்கும். நான் ஒருமுறை எட்டு நிமிடக் கச்சேரி ஒன்றை ஒரே டேக்காக ஒட்டிவிட்டு, முதல் நிமிடம் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். கடைசியில் மிருதங்கக்காரர் கை இறங்குவதற்கு அரை விநாடி முன்னாலேயே சத்தம் கேட்டது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங், கலர் மென்பொருளில் ஃபைல்களை உள்ளே இழுத்தபிறகு புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற விடாது. ஆகவே திறந்ததும் முதலில் 24 என்று வைத்துவிட்டு, அப்புறம் ஃபைலைத் தொடுங்கள்.

ஃபைல் பெயர்களை மாற்றாதீர்கள். ‘டீக்கடை சூப்பர் டேக்’ என்று ஆசையாகப் பெயர் வைத்தால் பின்னால் மாஸ்டர் ஃபைலோடு பொருத்தும்போது அழவேண்டியிருக்கும்.

நெகட்டிவை வெட்டவேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிலர் இன்னும் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் மூவியோலா என்ற எடிட்டிங் மெஷினில் பாசிட்டிவை வெட்டி ஒட்டி, பிலிம் ஓரத்தில் இருக்கும் எட்ஜ் நம்பரைப் பார்த்து, வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் நெகட்டிவை வெட்டுவார். 16 எம்எம்மில் அது இரட்டை வேலை. ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இடம் இல்லாததால் ஒட்டு திரையில் தெரிந்துவிடும். அதை மறைக்க ஷாட்டுகளை ஏ ரோல், பி ரோல் என்று மாற்றி மாற்றிக் கறுப்பு லீடரோடு (படமில்லாத கறுப்புப் பிலிம்) கோத்து, இரண்டையும் ஒரே பிரிண்டில் அடிப்பார்கள். ஒரு ஷாட்டைத் தப்பாக வெட்டினால் போனது போனதுதான். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. நெகட்டிவ் முழு ரோலாகவே இருக்கட்டும்.

சவுண்டைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் பிலிம் குறும்படங்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். படம் பார்க்கப் பிலிம்போல இருக்கும், கேட்க ஃபோன் வீடியோபோல இருக்கும். எஸ்ஆர் 2 அமைதியான கேமராதான், இருந்தாலும் சின்ன அறையில் குளோசப் எடுத்திருந்தால் அதன் மெல்லிய கரகரப்பு டிராக்கில் ஏறியிருக்கும். தமிழ் சினிமா பல வருஷம் டப்பிங்கிலேயே ஓடியதற்கு ஆரி 2சி கேமராவின் இரைச்சலும் ஒரு காரணம். தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும், லொகேஷன் சவுண்டை டப்பிங்குக்கு வழிகாட்டும் பைலட் டிராக்காக மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தியேட்டரில் மறுபடி பேசினார்கள். உங்கள் படத்தில் இரண்டு மூன்று வசனங்களை டப் செய்யவேண்டி வந்தால் தயங்காதீர்கள், அதே நடிகரை அழைத்து அதே மூச்சில் பேசவையுங்கள். அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்திருந்தால் டப்பிங்குக்கு அடியில் அதை விரிக்கலாம். இல்லையென்றால் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த இடத்துக்கே போய்வருவது நல்லது. ஃபேன் சத்தமும் தூரத்து லாரியும் காசு கொடுத்து வாங்கும் எஃபெக்ட்ஸில் நம்மூர் மாதிரி இருக்காது.

அப்புறம் அந்த டீக்கடை ரேடியோ. காட்சியில் பழைய சினிமாப் பாட்டு ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவே கடையில் ஓடியதுதான், வேண்டுமென்று போடவில்லை என்பது உங்கள் நியாயம். உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடிக்கு அந்த நியாயம் புரியாது. சில விநாடிகள் கேட்டாலே பாட்டின் உரிமையாளருக்குத் தகவல் போய்விடும். விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகலாம், சில நாடுகளில் படமே தெரியாமல் போகலாம். விழாக்களுக்கு அனுப்பும்போது உரிமைப் பத்திரமும் கேட்பார்கள். மிக்சிங்குக்கு முன்பே முடிவெடுங்கள். நானாக இருந்தால் நண்பர் ஒருவரை வைத்து அந்தக் காலத்துச் சாயலில் ஒரு மெட்டு போடச் சொல்லி, சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதைத் தூரத்திலிருந்து ரெக்கார்ட் செய்து பயன்படுத்துவேன்.

மிக்சிங்கில் வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றையும் தனித்தனி ஸ்டெம்மாகவும் (தனி ஃபைலாகவும்) வாங்கி வையுங்கள். யூடியூபுக்கு மொத்த ஒலியளவு −14 எல்யுஎஃப்எஸ் பக்கம் இருக்கட்டும். அதைவிடச் சத்தமாக இருந்தால் யூடியூபே குறைத்துவிடும், ஆனால் குறைவாக இருந்தால் ஏற்றிக் கொடுக்காது. தியேட்டருக்கென்று மென்மையாக மிக்ஸ் செய்ததை அப்படியே போட்டால் பஸ்ஸில் ஃபோனில் பார்ப்பவருக்கு ஒன்றும் கேட்காது.

எடிட் முடிவானபிறகுதான் கலர். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும், 3840க்கு 2160 வரை வெளியே எடுக்கலாம். அதில் கோடக் 2383 என்ற பிரிண்ட் ஸ்டாக்கின் சாயலைத் தரும் லட் (நிறங்களை மாற்றித் தரும் தயார் அட்டவணை) ஒன்று கூடவே வருகிறது. டிஜிட்டலில் எடுத்தவர்கள் பிலிம் லுக் வேண்டுமென்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏன் கன்றிப்போகிறது என்று கேட்பார்கள். அந்த லட் எதிர்பார்ப்பது சினியான் என்ற வகை லாக் ஸ்கேனை. உங்களிடம் இருப்பது அதுதான். கடைசி நோடில் (ரிசால்வில் கலர் வேலையின் ஒவ்வொரு படியும் ஒரு நோட்) லட்டைப் போட்டுவிட்டு, அதற்கு முன்னால் எக்ஸ்போஷரையும் சிவப்பு, பச்சை, நீலத்தையும் மட்டும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். லேபில் கிரேடர் செய்ததும் அவ்வளவுதான். பிரிண்டர் லைட் என்று 1 முதல் 50 வரை பாயின்ட், நடுவில் 25, மூன்று நிறத்துக்கு மூன்று எண். அந்த மூன்று எண்ணை வைத்துக்கொண்டுதான் எத்தனையோ படங்கள் வந்தன. ரிசால்விலும் பிரிண்டர் லைட் வசதி இருக்கிறது. முதல் சுற்றை அதிலேயே முடித்துவிட்டு, பிறகும் குறை தெரிந்தால் மட்டும் முகத்துக்குத் தனியாக மாஸ்க் போடுங்கள்.

தூசி துடைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். 9 நிமிடம் என்றால் 12,960 ஃபிரேம், ஒரு ஆள் இரண்டு நாள் உட்கார்ந்தால் முடியும். எல்லாப் புள்ளியையும் அழிக்காதீர்கள். முகத்தில் விழுந்தது, வானத்தில் பளிச்சென்று தெரிவது, வசனத்தின்போது கண்ணை இழுப்பது, இவை போனால் போதும். ஃபிரேம் லேசாக ஆடுவது தொந்தரவாக இருந்தால் ஓவர்ஸ்கேனில் தெரியும் பெர்ஃபரேஷன் ஓட்டையைப் பிடித்து ஸ்டெபிலைஸ் செய்யுங்கள். படத்தில் இருக்கும் ஆளைப் பிடித்து ஸ்டெபிலைஸ் செய்தால் கேமராமேன் கை வைத்த அசைவும் சேர்ந்து செத்துவிடும்.

டைட்டிலைக் கம்ப்யூட்டரில் போடும்போது சுத்த வெள்ளையில் போடாதீர்கள், பிலிம்மேல் ஸ்டிக்கர் ஒட்டினதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். கொஞ்சம் மங்கல் வெள்ளை, ரோலின் தொடக்கத்தில் கறுப்பாக ஓடிய சில விநாடிகளின் கிரெய்னை மேலே படரவிடுவது, இந்த இரண்டும் செய்தால் படத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இப்போது மாஸ்டர் ஒன்று எடுங்கள், புரோரெஸ் 4444 அல்லது 422 எச்கியூ. இனி எந்தப் பிரதி வேண்டுமானாலும் இதிலிருந்துதான். உங்களுடையது சாதாரண 16, அதாவது 1.37 விகிதம். 16:9 கட்டத்துக்குள் வைத்து இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை சேர்த்து அப்லோட் செய்யவேண்டாம். 2960க்கு 2160 என்று படத்தின் அளவிலேயே கொடுத்தால் யூடியூப் திரைக்கு ஏற்றாற்போல் காட்டும்.

நண்பரின் படம் ஏன் சேறானது? வீடியோ சுருக்கும் முறை, முந்தைய ஃபிரேமிலிருந்து இந்த ஃபிரேமில் என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் எழுதிவைப்பதில் இயங்குகிறது. சுவர் அப்படியே இருந்தால் ‘சுவர் அப்படியே’ என்று ஒரு வரி. கிரெய்னோ ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிது, சுவரில்கூட எந்தப் புள்ளியும் அடுத்த ஃபிரேமில் அதே இடத்தில் இருக்காது. எல்லாவற்றையும் எழுத பிட் பற்றாது, ஆகவே கிரெய்னைக் குழைத்து மொத்தைக் கட்டங்களாக ஆக்கிவிடும். இருட்டுக் காட்சியில் இன்னும் மோசம். உங்கள் 500 ஸ்டாக் ராத்திரிக் காட்சிகளுக்கு அந்த ஆபத்து உண்டு. ஏவி1 என்ற புதிய கோடெக்கில் (வீடியோ சுருக்கும் முறை) கிரெய்னை எடுத்துவிட்டுச் சுருக்கி, பார்ப்பவர் பக்கம் செயற்கையாகத் திரும்பச் சேர்க்கும் வழி இருக்கிறது, நெட்ஃபிளிக்ஸ் அதைப் பயன்படுத்துகிறது. யூடியூபில் அந்தக் கடிவாளம் நம் கையில் இல்லை.

நம் கையில் இருப்பது பெரிய அளவில் அப்லோட் செய்வதுதான். 1080 உயரத்துக்குக் கிடைக்கும் பிட்டைவிட 2160 உயரத்துக்கு யூடியூப் பல மடங்கு கொடுக்கிறது. 2கே-யில் ஸ்கேன் செய்தவர்கள்கூட அதை 4கே அளவுக்குப் பெரிதாக்கி அப்லோட் செய்தால், பார்ப்பவர் சாதாரண மானிட்டரில் பார்த்தாலும் தெளிவு கூடும். அவர் தரத்தை 2160-இல் வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான். யூடியூப் 4கே-வுக்குப் பரிந்துரைப்பது 35 முதல் 45 எம்பிபிஎஸ். கிரெய்ன் உள்ள படத்துக்கு நான் 100 வரை கொடுப்பேன், 9 நிமிடத்துக்கு 7 ஜிபிக்குள்தான் வரும். மாஸ்டரையே அப்லோட் செய்யலாம், ஏற்றுக்கொள்ளும், ஆனால் உங்கள் ஊர் இணைப்பில் முடிய ஒரு ராத்திரி ஆகும்.

அப்லோட் ஆனதும் லிங்க்கை அனுப்பிவிடாதீர்கள். முதலில் குறைந்த தரப் பிரதிதான் தயாராகும், 4கே பிரதி தயாராகச் சில மணி நேரம்கூட ஆகும். அதற்குள் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாம் “என்னப்பா மங்கலா இருக்கு” என்று போய்விடுவார்கள். பிரைவேட்டில் வைத்து, 2160 வந்துவிட்டதா என்று பார்த்து, ஒரு ஃபோன், ஒரு டிவி, ஒரு லேப்டாப் மூன்றிலும் இருட்டுக் காட்சிகளைச் சோதித்துவிட்டு, அப்புறம் திறந்துவிடுங்கள்.

ஆனால் திறந்துவிடும் நாளுக்கு முன்னால் விழாக்களை நினைக்கவேண்டும். இந்த வரிசை மாறினால் திருத்தவே முடியாது. யூடியூபில் எல்லாரும் பார்க்கப் போட்ட படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. ஆஸ்கர் குறும்படப் பிரிவிலும், தகுதி பெறுவதற்கு முன் இணையத்தில் பொதுவில் வெளியான படத்துக்கு இடமில்லை. பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெரான், ஜெர்மனியின் ஓபர்ஹௌசன், பக்கத்தில் கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவான ஐடிஎஸ்எஃப்எஃப்கே என்று நீங்கள் ஆசைப்படும் நான்கைந்து விழாக்களின் விதிமுறைகளை இப்போதே படித்து, எந்தெந்தத் தேதி என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஒரு வருஷம் அவர்களுக்கு, அதற்குப் பிறகு யூடியூப் என்பது நியாயமான திட்டம். பார்வைக்கு அனுப்ப விமியோவில் பாஸ்வேர்டு போட்ட லிங்க் போதும். தேர்வானால் தியேட்டர் புரொஜெக்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியான டிசிபி கேட்பார்கள், டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் வீட்டிலேயே செய்யலாம். டிசிபியில் ‘ஃபிளாட்’ என்று அழைக்கப்படும் 1998க்கு 1080 அளவுக் கட்டத்துக்குள் உங்கள் படம் 1480க்கு 1080 ஆக நடுவில் உட்காரும். தேசிய விருதுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். யூடியூபில் போட அது தேவையில்லை.

விழா எதுவும் வேண்டாம், ஊர்க்காரர்கள் பார்த்தால் போதும் என்றால் அதுவும் நல்ல முடிவுதான். நான் பார்த்தவரை, எந்த விழாவுக்கும் அனுப்பாமல், யூடியூபிலும் போடாமல், இரண்டு வருஷம் யோசித்துக்கொண்டே ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

சப்டைட்டிலைப் படத்தின்மேல் எரித்துவிடாமல் தனி எஸ்ஆர்டி ஃபைலாகக் கொடுங்கள். ஆங்கிலம் ஒன்று, காது கேளாதவர்களுக்காகத் தமிழ் ஒன்று. தலைப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வையுங்கள். விவரக் குறிப்பில் என்ன கேமரா, என்ன ஸ்டாக், எங்கே கழுவியது என்று எழுதுங்கள், பிலிமைத் தேடுகிறவர்கள் அதை வைத்துத்தான் வருவார்கள். தம்ப்நெயிலுக்குப் படத்திலிருந்தே ஒரு ஃபிரேம் எடுங்கள்.

கடைசியாக நெகட்டிவ். மாஸ்டர் ஃபைலை மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும். நெகட்டிவ் ரோல்களை மொட்டைமாடிக்கு அடியில் இருக்கும் பரணில் ஏற்றிவிடாதீர்கள், சித்திரை வெயிலில் அது அடுப்பு. வீட்டின் நடு அறையில், பீரோவின் கீழ்த்தட்டில், ஈரம் தட்டாத இடத்தில், கேனைப் படுக்கவைத்து வையுங்கள். இந்தப் பிலிமின் அடித்தளம் அசிடேட், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் உடைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். மழைக்காலம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை கேனைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி வாசனை லேசாக வந்தாலும் அந்த ரோலை மற்ற மூன்றிடமிருந்தும் உடனே பிரித்து வைத்துவிட்டு, ஸ்கேன் செய்தவருக்கு ஃபோன் போடுங்கள்.